பசை காயறதுக்குள்ள

நாப்பது நிமிசம் அசையக் கூடாது. வேனுக்குள்ள, பின்னால, வீல் மேட்டுக்கும் கடைசி ஜன்னலுக்கும் நடுவுல மடிச்சு வெச்ச பாயாட்டம் கெடக்கறேன், முதுகு தகரத்துல, ரெண்டு காலும் பலகைல, பலகைக்கு அந்தப் பக்கம் பசை. ஸ்பீக்கருப் பொட்டில மத்த பலகைக்கெல்லாம் கிளாம்பு போட்டாச்சு, இந்தக் கடைசிப் பலகைக்கு மட்டும் எந்தக் கிளாம்பும் எட்டாது, எந்த வண்டிலயும் எட்டுனதில்ல, அதனால நானே கிளாம்பு. அம்பத்தி மூணு வயசுக் கிளாம்பு. முறுக்குனா முட்டில கிரிச்சுன்னு சத்தம் வர்ற கிளாம்பு. அந்தச் சத்தத்தையும் நான் வாயில பண்ணிக் காட்டுவேன், டாக்டரம்மா முன்னாடி பண்ணிக் காட்டி அந்தம்மா சிரிச்சு சிரிச்சு சீட்டு எழுதறதையே மறந்துருச்சு, ஆனா முட்டி என்னமோ அப்புடியேதான் இருக்குது. மேல தகரக் கூரை, அதுக்கு மேல சித்திர வெயிலு, கூரைக்குக் கீழ வேனு, வேனுக்குள்ள நானு, எனக்குள்ள காலைல தின்ன நாலு இட்லி, ஒண்ணுக்குள்ள ஒண்ணா அத்தனையும் வெந்துட்டிருக்குது. வேர்வ புருவத்துல எறங்கி கண்ணுக்குள்ள போவுது. தொடைக்கக் கை இருக்கு, ஆனா கையத் தூக்குனா தோளு அசையும், தோளு அசைஞ்சா முதுகு நகரும், முதுகு நகந்தா காலு எளகும், காலு எளகுனா பலகை ஒரு நூலு எறங்கிரும். ஒரு நூலு போதும், அந்த இடுக்குல காத்து பூந்து புர்ருங்கும். போவட்டும், கண்ணு எரியட்டும். "ரெண்டு நிமிசம் ஆச்சுண்ணா"ங்கறான் நாச்சிமுத்து, வெளிய பெயிண்டு டப்பாவக் கவுத்துப் போட்டு அதும்மேல ஒக்காந்து போனுல மணி பாத்துட்டு. வேனு அவனுது, ஓட்டறதும் அவந்தான். பதனெட்டு வருசம் அடுத்தவன் வண்டி ஓட்டிட்டு இப்பத்தான் சொந்தமா ஒண்ணு, பழசுதான், ஆனா சொந்தம், முன் கண்ணாடில இன்னம் எலுமிச்சம்பழம் வாடல. நாளைக்குக் காலைல மொதல் ட்ரிப்பு, பொண்ணு வீட்டுச் சனத்த ஏத்திட்டுப் பழனிக்கு, அதுக்குள்ள பொட்டி பேசோணும்னு ஒத்தக் கால்ல நிக்கறான். "ரெண்டுதானாடா மாப்ள? உன்ற போன்ல நிமிசமெல்லாம் நடந்து வருதா, தவுந்து வருதா?"ன்னேன். "பாட்டரி கம்மிண்ணா"ங்கறான். சிரிச்சான். சிரிப்ப வாங்கிட்டேன். முதுகு வலிக்குது. சிரிப்பு வாங்குனா முதுகு வலி கொஞ்சம் கொறையோணும், முன்னெல்லாம் கொறைஞ்சுது.

செட்டுக்கு அந்தப் பக்கம் மரகதத்தோட மிஷினு ஓடுது, தடதடதட தட், தடதடதட தட், ஒவ்வொரு தட்டுக்கும் அவ ஒரு மூச்சு உட்றா, இங்க இருந்தே கேக்குது. என்ற சம்சாரம், அவ வண்டிக்குச் சீட்டுத் தைக்கறவ, நான் பொட்டி அடிக்கறவன், திருச்செங்கோட்டு ரோட்டுல லாரி பாடி கட்டற பட்டறைக்கெல்லாம் பின்னால ஒரே தகரக் கொட்டாயில ரெண்டு தொழிலு. வண்டிய உட்டுட்டுப் போறவன் அவகிட்ட வாயத் தொறக்க மாட்டான், என்கிட்ட மூட மாட்டான். காலைல நாச்சிமுத்து பொட்டிக்குள்ள எட்டிப் பாத்துட்டு, "ஏண்ணா, உள்ள இத்தன சந்து எதுக்கு, சத்தம் வழி தெரியாம உள்ளயே செத்துராதா?"ன்னான். அட கிறுக்கா, சந்துதான்டா பொட்டியே. ஸ்பீக்கரு என்னமோ ஒரு சாண்தான், அதுக்கு முன்னால குறுக்கலா ஒரு வாயி வெச்சு, அங்கிருந்து போவப் போவ அகலமாவற மாதிரி நீளமா ஒரு சந்து உட்டு, அந்தச் சந்தோட வாசல வண்டி மூலையப் பாத்துத் தொறந்து வெச்சுட்டா, சாண் ஸ்பீக்கரு ஆறடி ஆளாட்டம் அடித்தொண்டைல பேசும். சந்து நீளமாவ ஆவச் சத்தம் தடிக்கும். எட்டடி வேணும். எட்டடிக் கொழாய வேனுக்குள்ள எங்க வெக்கறது, சனத்த எறக்கி உட்டுட்டா? அதுக்குத்தான் மடிக்கறது. எட்டடிக் கவுறு எடுத்துப் பொட்டிக்குள்ள சுத்திச் சுத்திப் போட்டுப் பாப்பேன், எங்க மடங்குதோ அங்க ஒரு பலகை. கடைசியா ஒரு பலகை, இப்ப கால்ல முட்டுக் குடுத்துட்டிருக்கறது, அத முன்ன பின்ன நகத்துனா சந்தோட நீளம் மாறும், சுதி மாறும், பொட்டியோட தலையெழுத்தே இந்தப் பலகைதான். அப்பறம் மேல மூடிய அறைஞ்சுட்டா முடிஞ்சுது. வெளிய கொண்டு போவவும் முடியாது, கதவு பத்தாது, வண்டிக்குள்ளயே பொறந்து வண்டிக்குள்ளயே கெடக்கற பொட்டி. ஒருக்கா காலேசுப் பையனுவ ரெண்டு பேரு கம்ப்யூட்டரு தூக்கிட்டு வந்து, "அங்கிள், உங்க கால்குலேஷன் என்ன?"ன்னு கேட்டானுவ. நான் படிச்சது ஆறாவது, அதும் அரப்பரிச்ச வரைக்கும். வாயத் தொறந்து "ம்ம்ம்"ன்னேன். ரெண்டு பேரும் ஒருத்தன் மூஞ்சிய ஒருத்தன் பாத்துட்டுப் போயிட்டானுவ. வெளையாட்டுக்குச் சொல்லல, நெசமாவே அதுதான் என்ற கணக்கு.

வண்டிக்கு வண்டி ஒரு மொனகலு இருக்குது. கதவெல்லாம் அடைச்சு, கண்ணாடி ஏத்தி, உள்ள நடுவால ஒக்காந்து, வாய மூடிட்டு, கீழருந்து மேல வரைக்கும் ம்ம்ம்ம்னு ஏத்திக்கிட்டே போனா ஒரு எடத்துல வண்டி புடிச்சுக்கும். ஜன்னலு லேசா நடுங்கும், நெஞ்செலும்புல எவனோ வெரல வெச்ச மாதிரி இருக்கும். அதுதான் அந்த வண்டியோட மொனகலு. பொட்டி பேசற சுதி அதும்மேல போய் ஒக்காரக் கூடாது, கொறைஞ்சது ஒரு படியாச்சும் தள்ளி நிக்கோணும், அவ்வளவுதான் வித்த. சின்ன வேனு எருமையாட்டம் மொனகும், பள்ளிக்கோடத்து பஸ்ஸு சளி புடிச்ச ஹெட்மாஸ்டராட்டம் மொனகும், கார்ல ஒரு ஜாதி இருக்குது, கல்யாண வீட்ல கோவிச்சுக்கிட்டுத் திரும்பி ஒக்காந்திருக்கற சம்பந்தியம்மாளாட்டம் மூக்குலயே மொனகும். பண்ணிக் காட்டுனா சனம் உருளும். இன்னிக்கிக் காலைலயும் உருண்டுச்சு. நாச்சிமுத்து, பக்கத்துப் பட்டறை வெல்டரு, டீ கொண்டாந்த ஆளு, மூணு பேரும் வேனுக்கு வெளிய நிக்கறாங்க, நான் உள்ள ஒக்காந்து மொனகப் போறேன், கதவ அடைக்கறதுக்கு முன்னாடி ஆர்டிஓ ஆபீசு புரோக்கரு மாதிரி, "சாரு உள்ள மீட்டிங்ல இருக்காருங்க, மொனகலு சர்டிபிகேட்டு நாளைக்குத்தானுங்க"ன்னு மூக்கச் சுருக்கிட்டுச் சொன்னேன், வெல்டரு டீயத் துப்பிட்டான். அந்தச் சிரிப்போடயே கதவ அடைச்சேன், அந்தச் சிரிப்போடயே மொனகுனேன், டக்குன்னு புடிச்சுக்கிச்சு, நல்லாக் கணீர்னு, எப்பவும் இல்லாத அளவு கணீர்னு. ஆஹா, தொண்ட இன்னிக்கி என்னமா இருக்குதுன்னு நெனச்சேன். தொண்டயவா மெச்சிக்கிட்டேன்? ஆமா, தொண்டயத்தான் மெச்சிக்கிட்டேன்.

"அஞ்சு ஆச்சுண்ணா." ஆவட்டும். எடது காலு மரத்துப் போச்சு, வலது காலு மரக்கலாமா வேண்டாமான்னு ரோசனை பண்ணிட்டிருக்குது. ஏன் கணீர்னு புடிச்சுது? எதுக்கு இப்ப அந்த ரோசனை, பலகையப் பாரு, காலப் பாரு. பேசாம இருந்தா நேரம் போவ மாட்டேங்குது, சும்மா மொனகிப் பாக்கறேன், ம்ம்ம்ம், இந்தா புடிக்குது, காலைல புடிச்ச அதே எடம், நல்லதாப் போச்சு, பொட்டி இதுக்கு ரெண்டு படி கீழ பேசும், கவுறு சரி, பலகை சரி, செத்த கண்ண மூடிக்கலாம். மிஷினு நின்னுருச்சு. மரகதம் வர்றா, செருப்பத் தேச்சுத் தேச்சு, சரக்கு சரக்கு, இடுப்பு வலிக்கறன்னிக்கு வர்ற நடை. சைடு கதவத் தள்ளித் தெறந்துட்டு, "ஏனுங்க, அங்க தச்சு வெக்க எடமில்லீங்க, முடிஞ்ச சீட்ட வண்டிக்குள்ளயே போட்டுட்றேன்"ங்கறா. "போடாத்தா, போடு, எம்மேல மட்டும் போட்டுறாத"ன்னேன். "உங்கமேல போட்டாலும் பேசிக்கிட்டேதான் இருப்பீங்க"ன்னா. அவளும் நாச்சிமுத்துமாச் சேந்து ஒண்ணு, ரெண்டு, நாலு, ஆறு, பொதுக்குப் பொதுக்குன்னு சீட்ட எடுத்துப் போட்டு வெச்சுட்டு, வேல முடிஞ்சதும் போல்ட்டு முறுக்கிக்கலாம்னுட்டுக் கதவ அடைச்சுட்டுப் போயிட்டாங்க. புது ரெக்சின் வாசம் குப்புன்னு அடிக்குது. வாசத்த மறக்கறதுக்கு மொனகறேன், ம்ம்ம்ம். அந்த எடத்துல வண்டி புடிக்கல. வாசத்துல தொண்ட கட்டிருச்சோ. எச்சிய முழுங்கிட்டு மறுக்கா, ம்ம்ம்ம், புடிக்கல. கீழ எறங்கறேன், புடிக்கல, இன்னும் கீழ, ம்ம்ம்ம்ம், அய்யோ. புடிச்சுது. முதுகுக்குப் பின்னால தகரம் நடுங்குது. ரெண்டு படி கீழ. பொட்டி பேசப் போற அதே எடத்துல.

இல்ல இல்ல, ஆறு சீட்டுதான் ஏறிருக்குது, மீதி ஏறுனா இன்னும் எங்கயாச்சும் போவும், தள்ளிப் போவும். எங்க தள்ளிப் போவும், போனா எவ்வளவு போவும், ஆளுவ ஏறுனா எப்புடிப் போவும், எவன் கண்டான். கண்டவன் நாந்தான, இருவது வருசமா மொனகிட்டிருக்கறது நாந்தான. எப்பவும் மொதல்ல எங்கிட்டத்தான் வண்டி வரும், சீட்டோட வரும், மொனகிப் பாத்துட்டு அப்பறம் சீட்டக் கழட்டி மரகதத்துக்கிட்டத் தள்ளுவேன். இந்த வண்டி மட்டும் மொதல்ல அவகிட்ட வந்துச்சு, நான் சேலத்துல தங்கச்சி வீட்டு விசேசத்துல இலை போட்டுக்கிட்டு எவன் எப்புடி மூக்குறிஞ்சறான்னு பண்ணிக் காட்டிட்டிருந்தப்ப வந்துச்சு, வந்ததும் அவ சீட்ட அத்தனையும் கழட்டிட்டா. காலைல நான் மொனகுனது வெறும் தகர டப்பாவுக்குள்ள. அதான் அத்தன கணீரு. உள்ள ஏறுனதும் கண்ணுக்கு முன்னால சீட்டே இல்ல, தரைலதான் ஒக்காந்தேன், குண்டி சுட்டுச்சு, அப்பக்கூடத் தெரியல. வெளிய மூணு பேரு சிரிச்சிட்டிருந்தாங்க, எனக்கு அது போதும். சரி, இப்ப என்ன ஆயிப்போச்சு? பொட்டி சுதியும் வண்டி மொனகலும் ஒண்ணாயிட்டா சத்தம் கொறையாது, ஏறும். ஏறத்தான் ஏறும். நாளைக்கு மூடி போட்டுப் பாட்டு வெச்சதும் சாண் ஸ்பீக்கரு ஊரையே தூக்கும், நாச்சிமுத்து கை தட்டுவான், வெல்டரு ஓடி வருவான், "அண்ணா, இது மாதிரி ஒண்ணு இதுவரைக்கும் பண்ணுனதில்லீங்கண்ணா"ம்பான். தப்புன்னு ஒருத்தனுக்கும் தெரியாது. தப்பாப் போனாத்தான் இந்தத் தொழில்ல கைதட்டு அதிகம். அதான் செங்கோடனுக்கும்.

செங்கோடன நெனைக்கக் கூடாதுன்னு இருந்தேன். நெனைக்கக் கூடாதுன்னா அவன் என்ன வாசல்ல நின்னு கேட்டுட்டா வருவான். மூணு வருசம் முன்னால, இதே மாதிரி வேனு, என்ன சொன்னாலும் மூஞ்சி கோணமாட்டான், உள்ளூர்க்காரன், மேட்டூருக்கும் ஒகேனக்கல்லுக்கும் ஆளு ஏத்தறவன். அவன் பொட்டில தப்பு தவறி நடந்ததில்ல. அது நான் வேணும்னே பண்ணுனது. சின்ன ஸ்பீக்கருதான் இருக்குதுங்ண்ணா, ஆனா பெரிய சத்தம் வேணும்னு கேட்டான், நானும் வண்டி மொனகலு எங்க இருக்குதோ அங்கயே பொட்டியக் கொண்டு போய் ஒக்கார வெச்சேன். ஒரு குறுக்கு வழி, அவ்வளவுதான், தெரிஞ்சவன் பண்றதுதான். மொதல் பாட்டுக்கே கொட்டாயில தகரம் ஆடுச்சு. செங்கோடன் என்னத் தூக்கிச் சுத்துனான். பத்துப் பன்னண்டு நாளு கழிச்சு மத்தியானம் வந்தான், வண்டிய வெளிய நிப்பாட்டிட்டு, சாவிய வெரல்ல சுத்திக்கிட்டு, சொல்லலாமா வேண்டாமான்னு. "அண்ணா, ஒண்ணு சொன்னா சிரிக்கக் கூடாது. பாட்டே போடலீன்னாலும் அறுவதுல போறப்ப உள்ள ஒரு மொனகலு வருதுங்ண்ணா. பொட்டிலருந்துதான் வருதுங்ண்ணா. அரமணி நேரம் கேட்டா கண்ணு சொருகுது. தாலாட்டற மாதிரியே இருக்குதுங்ண்ணா"ன்னான். கொட்டாயில அன்னிக்கி ஏழெட்டுப் பேரு இருந்தாங்க. ஏழெட்டுப் பேரு இருந்தா எனக்கு வேற என்ன வேணும். கண்ணப் பாதி மூடி, தலையத் தொங்கப் போட்டு, ஸ்டேரிங்கப் புடிச்ச மாதிரி கைய வெச்சுக்கிட்டு, அவன் கொரலுலயே, அந்த மூக்கடைச்ச கொரலு, "அண்ணா, தாலாட்டற மாதிரியே இருக்குதுங்ண்ணா, அப்புடியே இடுப்புல தூக்கி வெச்சுக்கங்ண்ணா"ன்னேன். செத்தாங்க சிரிச்சு. செங்கோடனும் சிரிச்சான், அவந்தான் எல்லாத்தையும் உட ரொம்பச் சிரிச்சான், கண்ணத் தொடைச்சுக்கிட்டு, "உன்னய நம்பி ஒண்ணு சொல்ல முடியுதா"ன்னுட்டு ஏறிப் போயிட்டான். நாலு நாளு. பட்டப்பகல்ல, பதனொரு மணிக்கு, சனத்த எறக்கி உட்டுட்டு வெறும் வண்டியாத் திரும்பி வர்றப்ப, நேரு ரோட்டுல, கரும்பு லாரி ஒண்ணு ஓரமா நின்னுட்டிருந்துச்சு. பிரேக்கு புடிச்ச தடமே இல்லீன்னாங்க. தொடந்து ட்ரிப்பு அடிச்சான், தூங்கல, அதான்னாங்க. போலீசு அப்புடித்தான் எழுதுச்சு, ஓனரு அப்புடித்தான் சொன்னாரு, ஊரே அப்புடித்தான் சொல்லுச்சு, நானும் ஆமாமான்னு தலையாட்டுனேன். வண்டியப் போயிப் பாத்தேன். முன்பக்கம் ஒண்ணுமே இல்ல. பின்னால பொட்டி அப்புடியே இருந்துச்சு, ஒரு பலகை உடல, ஒரு ஒட்டு பிரியல. நான் ஒட்டுனா ஒட்டுனதுதான்.

"எட்டு ஆச்சுண்ணா. தண்ணி வேணுமா?" வேண்டாம்னேன். கொரலு எனக்கே வேற மாதிரி கேட்டுச்சு, நாச்சிமுத்து போனுல எதையோ பாத்துட்டிருந்தான், கவனிக்கல. பதனாறாம் நாளு செங்கோடன் வீட்டுக்குப் போயிருந்தேன். அவன் சம்சாரம் பாவாயி, தறிக்குப் போற புள்ள, ஒரு சொட்டு அழுவாம வந்தவங்களுக்கெல்லாம் மோரு குடுத்துட்டிருந்துச்சு. என்கிட்ட டம்ளரக் குடுத்துட்டு, பக்கத்துலயே நின்னுச்சு. "அண்ணா, நீங்க எல்லாத்து மாதிரியும் பேசுவீங்கல்ல. இவுங்க போனுல பேசிப் புடிச்சு வெச்சது ஒண்ணுங்கூட இல்லீங்ண்ணா, போனே நொறுங்கிப் போச்சு. ஒருக்கா அவரு மாதிரி பேசிக் காட்டுங்ண்ணா. எதாச்சும். சோறு போடுன்னாச்சும் சொல்லுங்ண்ணா"ன்னுச்சு. சுத்தி இருந்த சனமெல்லாம் பாக்குது. என்ற சென்மத்துல எவனும் கேட்டு நான் பண்ணாம இருந்ததில்ல, எளவு வீட்லயே பண்ணி எளவையே சிரிக்க வெச்சிருக்கறேன். வாயத் தொறந்தேன். செங்கோடன் கொரலு தொண்டைக்கு வந்துருச்சு, அச்சா, அந்த மூக்கடைப்பு, அந்த இழுப்பு. ஆனா வந்தது ஒரே பேச்சு. தாலாட்டற மாதிரியே இருக்குதுங்ண்ணா. வேற ஒண்ணுமே என்கிட்ட இல்ல. அவன் சோறு போடுன்னு எப்புடிச் சொல்லுவான்னு எனக்குத் தெரியல, அவன் பேசுனதுல நான் கவனிச்சுக் கேட்டதே அந்த ஒண்ணத்தான், அதும் பண்ணிக் காட்டறதுக்காகக் கேட்டது. பாவாயி என் வாயவே பாத்துட்டிருக்குது. "தொண்ட கட்டிருச்சு சாமி, நெசமா வரல"ன்னேன். "பரவால்லீங்ண்ணா, இன்னொரு நாளைக்கு"ன்னுட்டு அடுத்த ஆளுக்கு மோரு ஊத்தப் போயிருச்சு. சந்தைல பாத்தா அந்தப் புள்ள சிரிக்கும், கேக்காது. கேட்டுறுமோன்னு நான் தக்காளி மூட்டைக்குப் பின்னால போயி நிப்பேன், இந்த ஒடம்பத் தூக்கிக்கிட்டு. மரகதம் என்னமோ கடங்காரனப் பாத்து ஒளியறேன்னு நெனச்சுக்கறா.

பசை கால் மணி நேரம் வரைக்கும் மனசு மாறும். அதுக்குள்ள பிச்சா பலகையும் பொழைக்கும், பொட்டியும் பொழைக்கும். அப்பறம் பிச்சா ப்ளைவுட்டு தோலு தோலா உரிஞ்சுதான் வரும். எட்டு ஆச்சுன்னு சொல்லி எவ்வளவு ஆச்சு, ரெண்டா, மூணா. பிச்சுட்டு என்ன பண்றது, அத்தன சீட்டையும் ஏத்தி முறுக்கோணும், மரகதத்துக்கிட்டத் திட்டு வாங்கிக்கிட்டு ஏத்தோணும், ஆள ஒக்கார வெச்சு மொனகிப் பாக்கோணும், மறுக்கா சீட்டக் கழட்டோணும், மறுக்கா இதே மாதிரி மடிஞ்சு கெடக்கோணும், நாப்பது நிமிசம், இன்னொரு நாப்பது நிமிசம், அய்யோ இந்த முட்டி. நாளைக்குப் பொட்டி பேசாது. பொண்ணு வீட்டுச் சனம் சப்புன்னு போவும் பழனிக்கு, மொதல் ட்ரிப்பே மூளி வண்டின்னு நாச்சிமுத்து மூஞ்சி தொங்கிப் போவும். பிக்காம உட்டா? நாச்சிமுத்து என்ன செங்கோடனா, வெத்தல போடறவன், வாய் ஓயாதவன், தூங்க மாட்டான். செங்கோடனும் வாய் ஓயாதவந்தான். எல்லா வண்டியுமா மொனகுது? ஒருவேள ஆளு ஏறுனா தள்ளிப் போயிரும். வெறும் வண்டியாத் திரும்பி வர்றப்ப? செங்கோடன் திரும்பினதும் வெறும் வண்டிதான். பொட்டியாலதான்னு யாரு சொன்னா, எவன் வந்து அளந்து பாத்தான், ஒருத்தன் மூணு நாளு தூங்கலீன்னா பொட்டி என்ன பண்ணும், பொட்டி மரம், மரத்துக்கு என்ன தெரியும். மொனகிப் பாக்கறேன், மெதுவா, வெளிய கேக்காம, ம்ம்ம்ம்ம். தகரம் நடுங்குது, கண்ணு ரெப்ப கனமாவுது. வெயிலுக்குத்தான். இட்லிக்குத்தான். தூக்கம் வருது, நெசமாவே சொகமா வருது, கால் எளகாம அப்புடியே தூங்கிரலாம் போல. அரமணி நேரம் கேட்டா கண்ணு சொருகுதுங்ண்ணா.

காலை எடுத்தேன். ரெண்டு காலையும் ஒண்ணா எடுத்தேன், மரத்த காலு பொத்துன்னு சீட்டு மேல உழுந்துச்சு. கையக் குடுத்துப் பலகைய நெம்புனேன், பசை நூலு நூலா இழுத்துச்சு, பாலாட்டம், அப்பறம் பச்சக்குன்னு உட்டுச்சு. சத்தம் கேட்டு நாச்சிமுத்து பெயிண்டு டப்பாவ ஒதைச்சுட்டு ஓடியாந்தான், கதவத் தள்ளுனான். "என்னண்ணா பண்ணுன! பன்னண்டு நிமிசந்தான் ஆச்சு! கை நழுவிருச்சா?" நழுவலடா, நாந்தான் பிச்சேன்னேன். "எதுக்குண்ணா?" அளவு தப்பு, சீட்டு இல்லாம மொனகிட்டேன், எல்லாச் சீட்டையும் ஏத்து, முறுக்கு, மறுக்கா பாக்கோணும்னேன். தலைல கைய வெச்சுட்டான். "நாளைக்கு ட்ரிப்புண்ணா. நல்லாப் பாடும்னு காலைல நீதான சொன்ன?" நல்லாப் பாடும், அதான் பிச்சேன். அவனுக்கு ஒண்ணும் புரியல. மரகதம் ஊசியும் கையுமா வந்து நின்னுட்டு, "ஏனுங்க, மொதல்லயே சொல்லித் தொலைய மாட்டீங்களா, என்ற இடுப்ப யாரு தூக்கறது?"ன்னா. ஏத்துத்தா, அப்பறம் திட்டு. நான் அப்புடியே தவுந்து வந்து கதவுப் படில ஒக்காந்தேன். கால்ல எறும்பு ஊர்ற மாதிரி ரத்தம் எறங்குது. நாச்சிமுத்து மொகம் அழப் போற மாதிரி இருக்குது. இப்ப ஒரு பேச்சு சொன்னா சிரிச்சிருவான், அந்தப் பேச்சு நாக்கு நுனிலயே இருக்குது, சம்பந்தியம்மா மாதிரி ஒண்ணு, நல்லாவே வரும். சொல்லல.

"நாச்சிமுத்து"ன்னேன். மாப்ளன்னு கூப்புடல, அதுக்கே நிமுந்து பாத்தான். "இந்தத் தடவ சரியா அடிச்சுக் குடுக்கறேன். ஆனா ஓட்டறப்ப, பாட்டு இல்லாதப்ப, உள்ள எங்கயாச்சும் மொனகுச்சுன்னா, உனக்குக் கண்ணு சொருகுச்சுன்னா, அங்கயே ஓரங்கட்டு. எங்கிட்ட வந்து சொல்லு. எத்தன பேரு இருந்தாலும் சொல்லு. சிரிக்க மாட்டேன். செங்கோடன் வந்து சொன்னான், நான் சிரிச்சுட்டேன். அவனுக்கு அடிச்ச பொட்டி அப்புடித்தான் இருந்துச்சு." மரகதம் கையில இருந்த சீட்டக் கீழ வெச்சுட்டா. நாச்சிமுத்து என்னயே பாத்தான், அழப் போன மொகம் மெல்ல மெல்ல விரிஞ்சுது, பல்லு தெரிஞ்சுது. "யண்ணா, சூப்பருண்ணா! இது யாரு கொரலு? கேட்ட மாதிரியே இருக்குது, புடிபட மாட்டேங்குது. இன்னொருக்கா பண்ணுண்ணா."

என்ற கொரலுதான்டான்னேன். அவன் இன்னும் சிரிச்சான். சிரிச்சு முடிக்கற வரைக்கும் ஒக்காந்திருந்தேன். முடிச்சதும் மொதல்லருந்து சொன்னேன்.